கோமுவைத் தின்ற கிடா

சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கருங்கிடா, செவக்காட்டூர் பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டியிருந்த சைக்கிள் கடை அய்யாக்குட்டியின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை மைதாப் பசையோடு சேர்த்து நக்கி, கிழித்து, நிதானமாக அசைபோட்டுத் தின்று முடித்த மறுநாள் காலையில், அய்யாக்குட்டி என்று ஒரு மனிதர் அந்த ஊரில் இருந்ததே ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அவருடைய சம்சாரம், வீட்டில் மாலை போட்டுத் தொங்கிய படத்தை அண்ணாந்து பார்த்து, "இது யாரு, பலசரக்குக் கடை காலண்டர்ல வந்த மனுசனா?" என்று கேட்டுவிட்டு, மாலை வாடாமல் இருக்கிறதே என்று அதைக் கழற்றிப் பிள்ளையாருக்குப் போட்டாள். மாரில் அடித்து அழுத தொண்டை இன்னும் கட்டிக்கிடந்தது. எதனால் கட்டியது என்று தெரியாமல் வெந்நீர் போட்டுக் குடித்தாள்.

விஷயம் வெளியே வந்தது, பதினாறாம் நாள் காரியத்துக்கு வேட்டி துண்டோடு வந்து இறங்கிய வெளியூர் மருமகனால்தான். "மாமா காரியத்துக்கு ஒரு ஈ காக்கா இல்ல, என்ன ஊருய்யா இது!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. போட்டோவைக் காட்டினார், பூட்டிக் கிடந்த சைக்கிள் கடையைக் காட்டினார், ஒவ்வொருத்தர் வீட்டு சைக்கிளையும் தொட்டு இது அவர் கோட்டம் எடுத்தது, இது அவர் பஞ்சர் பார்த்தது என்று சொல்லிப் பார்த்தார். எல்லாரும் அப்படியா, அப்படியா என்று தலையாட்டினார்களே தவிர ஒருத்தர் கண்ணிலும் ஒரு சொட்டு வரவில்லை. கேள்விப்படுவது வேறு, ஞாபகம் இருப்பது வேறு என்பதைச் செவக்காட்டூர் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது.

அடுத்தடுத்து இன்னும் சில போஸ்டர்களைக் கிடா தின்று, இன்னும் சில பேர் துடைத்து வைத்தாற்போல் போன பிறகு, மினிபஸ் கண்டக்டர்தான் கணக்குப் போட்டுச் சொன்னார். கிடா போஸ்டரைத் தின்னும், ஊர் தூங்கும், முழித்ததும் ஆள் போய்விடும். தூங்காதவருக்கு மறக்காது. கண்டக்டரைப் போல, சுடலை கோயில் திருவிழாவான கொடையில் ஒரு நாளும் கை நனைக்காத வெளியூர்க்காரருக்கும் மறக்காது. கொடைக்கறி தின்று வளர்ந்தவன் பம்பாயில் போய்ப் படுத்தாலும் மறந்துவிடும். இதைக் கேட்டதும் மற்ற ஊராக இருந்தால் கிடாவைப் பிடித்துக் கட்டியிருப்பார்கள். ஆனால் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை யார் கட்ட முடியும்? அது பருத்திக்காட்டில் மேய்ந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்குகிற ஊர் அது. சித்திரைக் கொடையில் வெட்டுகிற வரைக்கும் அது வைத்ததுதான் சட்டம்.

கொஞ்ச நாளில் பயம் தெளிந்து, ஊர் அதில் ஒரு சௌகரியத்தைக் கண்டுபிடித்துவிட்டது. நம் ஆட்களுக்கு இதெல்லாம் சொல்லியா தர வேண்டும்! தாலியறுத்த சோகம் தாங்காதவள், பத்தாவதில் பெயிலானவன், மாப்பிள்ளை வீட்டார் பாதியில் எழுந்து போன கல்யாணத்தை நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்தவள், எல்லாரும் குருவையாவின் அச்சகத்துக்குப் போய்க் காதும் காதும் வைத்தாற்போல் ஒரு போஸ்டர் அடித்து வாங்கி, கிடா வரும் வழியில் ஒட்டினார்கள். செவக்காட்டூரில் சிரிப்புச் சத்தம் கூடியது. கூடவே வேறு சில காரியங்களும் நடந்தன. பெயிலானதை மறந்தவன் படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து மறந்து மறுபடி பெயிலானான். மூத்த பிள்ளையைக் கிணற்றுக்குப் பறிகொடுத்த துக்கத்தைக் கிடாவுக்குக் கொடுத்தவள், இளைய பிள்ளையை அதே கிணற்று மேட்டில் விளையாட விட்டுவிட்டு நிம்மதியாகத் துணி துவைத்தாள். விழப்போன பிள்ளையை யாரோ வழிப்போக்கர் தூக்கிவந்து கொடுத்தார். ஒன்றை உருவினால் இன்னொன்றும் கூட வந்தது. எது எதோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் பார்த்துப் பயந்துகொண்டு கிடந்தவள் ஒருத்தி உண்டென்றால் அது உரக்கடை வெள்ளத்துரையின் சம்சாரம் ஆவுடைத்தாய்தான். அவள் சுபாவமே அப்படி. கோயிலுக்குப் புறப்பட்டால் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள், வந்து பார்த்துவிட்டுப் போனவள் கதவைப் பூட்டினோமா என்று மறுபடியும் வருவாள். அவளுக்கு ஒரே மகள், சங்கரகோமதி. கோமு, கோமு என்று கூப்பிடுவார்கள். சின்னதிலிருந்தே கறி வாடை ஆகாது, கொடைச் சோற்றில் கூடக் கை வைக்க மாட்டாள். கல்லூரிக்குப் போகிற வயதிலும் காலையில் அம்மாவின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தால்தான் அவளுக்குச் சடை. ஆவுடைத்தாய் இறுக்கிப் பின்னுவாள், கோமு "எம்மா, உயிர் போகுது" என்று கத்துவாள், இது இல்லாமல் அந்த வீட்டில் பொழுது விடிந்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பேச்சிக்கனி செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது. அவள் கிடாவின் புழுக்கையைக் கூட்டி அள்ளிக் கத்தரிச்செடிக்கு உரமாகப் போட்டிருந்தாள். காய் கரணை கரணையாகக் காய்த்தது. முதல் கறியை வைத்து ஒரு வாய் தின்றவள், கட்டியவன் குத்துக்கல் மாதிரி எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "ஐயோ, சைக்கிள் கடையை யாருகிட்ட விட்டுட்டுப் போனீரு என் ராசா!" என்று தலைவிரி கோலமாக ஒப்பாரி வைத்தாள். அய்யாக்குட்டிக்காக அவருடைய சம்சாரம் அழ வேண்டிய அழுகை, கத்தரிக்காய் வழியாக இவளிடம் வந்துவிட்டது. அவள் புருஷன் மறு பேச்சில்லாமல் போய்ச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்தான். ஊர் சிரித்தது. ஆவுடைத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. கிடா தின்றது எங்கேயும் போகவில்லை, அதன் வயிற்றில்தான் இருக்கிறது, தின்றவருக்குத்தான் அது கிடைக்கும், சொந்தக்காரருக்கு அல்ல என்று அவள் மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஐப்பசி அடைமழையில் கோமு, காற்றாலையில் வேலை பார்க்க வந்த சேர்மராஜ் என்ற வெளியூர்ப் பையனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பையன்தான். நம்ம ஆளு இல்லை என்பதுதான் குற்றம். வெள்ளத்துரை கடையைத் திறக்கவில்லை, சாப்பிடவில்லை, சட்டை கூட மாற்றவில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே, அந்த நாலு பேரின் வாயை அவர் காதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். இந்தப் பக்கத்தில் இப்படி நடந்தால் சில அப்பன்மார் செய்கிற காரியம் ஒன்று உண்டு, அதைச் செய்தார். குருவையாவிடம் போய், உயிரோடு இருக்கிற மகளுக்கு, பள்ளிக்கூட யூனிபார்மில் இரட்டைச் சடையோடு சிரித்த அவளுடைய படத்தைப் போட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார். ஊரில் யாரும் எதற்கும் அத்தனை போஸ்டர் அடித்ததில்லை.

"வேண்டாங்க. கிடா தின்னுச்சுன்னா பிள்ளை நமக்கு இல்லாமப் போயிரும்," என்று ஆவுடைத்தாய் அவர் காலைப் பிடித்தாள்.

"அதுக்குத்தாம்ளா ஒட்டுதேன்," என்றார் அவர். "நெஞ்சில கிடந்து அறுக்குதுளா. என்னால முடியல. தின்னுட்டுப் போகட்டும்."

அவர் ஒட்டிய சுவரெல்லாம் அவள் பின்னாலேயே போனாள். போஸ்டரைக் கிழித்தால் அவர் இன்னொன்று ஒட்டுவார். அதனால் கிழிக்காமல், மண்ணெண்ணெயில் துணியை முக்கி ஒவ்வொரு போஸ்டரிலும் மகள் முகத்தின் மேலேயே பூசினாள். கிடா வந்தது, மோந்து பார்த்தது, தும்மிவிட்டுப் போனது. பகலெல்லாம் கம்போடு அதன் பின்னால் அலைந்தாள், இரவெல்லாம் பஸ் ஸ்டாப்புக்கும் ரேஷன் கடைச் சுவருக்குமாக நடந்தாள். விடிந்து, சேலையெல்லாம் மண்ணெண்ணெய் வாடையோடு வீட்டுக்கு வந்தபோது பேச்சிக்கனி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சி, ராத்திரி ஒண்ணையும் தின்ன விடல. கோமு தப்பிச்சா."

பேச்சிக்கனி வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எந்தக் கோமு மைனி?"

ஆவுடைத்தாய் வந்த வாக்கில் திரும்பினாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். கொல்லைப்பக்கச் சுவரில், யார் கண்ணிலும் படாத இடத்தில், வெள்ளத்துரை ஒன்று ஒட்டியிருந்திருக்கிறார். பசை ஈரமும் ஒரு மூலைத் தாளும்தான் மிச்சம். ஊர்ச் சுவரையெல்லாம் காத்தவள் தன் வீட்டுச் சுவரைப் பார்க்கவில்லை. உள்ளே வெள்ளத்துரை நன்றாகத் தூங்கி முழித்த முகத்தோடு, பல நாளைக்குப் பிறகு சவரம் செய்துகொண்டிருந்தார். "ஏளா, அந்த ரூம்ல எதுக்கு இன்னொரு கட்டில்? நெல்லு மூட்டை போடலாம்லா," என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்தது, பொறாமையும் வந்தது. ஒரு கணம் தானும் படுத்துத் தூங்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதற்காகத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஆவுடைத்தாய் தூங்கவில்லை. கோமுவை ஞாபகம் வைத்திருக்கிற கடைசி ஆள் அவள்தான். அவள் கண்ணை மூடினால் செவக்காட்டூரில் கோமு பிறக்கவே இல்லை. உட்கார்ந்தால் சொக்கும் என்று நின்றாள், நின்றால் சாயும் என்று நடந்தாள், பச்சை மிளகாயைக் கடித்தாள், கண்ணில் சின்ன வெங்காயத்தைப் பிழிந்தாள். நடக்கும்போதெல்லாம் மகளைப் பற்றி ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்தாள். எடுத்துப் பார்க்கப் பார்க்க அதுவும் மாறியது. கோமு முதல் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அழுதாளா, சிரித்தாளா? நேற்று நினைத்தபோது அழுதாள், இன்றைக்கு நினைத்தால் சிரிக்கிறாள். தூங்காமலேயே போய்க்கொண்டிருக்கிறாளே என்று அவளுக்குப் பதறியது.

இப்படியே விழுந்துவிடுவோம் என்று தெரிந்த பிறகுதான், சுவரைப் பிடித்துப் பிடித்துக் கோயிலுக்குப் போய்ப் பூசாரி மாடக்கண்ணுவின் முன்னால் நின்றாள்.

"வர்ற கொடைக்கு இந்தக் கிடாவுக்கு நான் தண்ணி ஊத்துதேன்னு நேந்துக்கிடுதேன் சாமி. எனக்காக இதை வெட்டியே ஆகணும்."

அந்தக் கோயில் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், அது உடம்பைச் சிலிர்த்துக் காட்டினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம்தான் அரிவாள். தண்ணீர் ஊற்றுகிறவருக்கு ஈரல் உண்டு, முதல் இலை உண்டு. அவள் போட்ட திட்டம் அதுதான். தன் பிள்ளையைத் தான் முதலில் தின்று திரும்ப வாங்கிக்கொள்வது. என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்கக் கூடாது. வேண்டிக்கொண்டவளே மறந்தாலும் ஊர் மறக்கக் கூடாது, செய்ய வைத்தே தீரும்.

மாடக்கண்ணு திருநீற்றை எடுத்தார். "தண்ணி ஊத்துறது மட்டும் போதுமாத்தா? சாமி பெருசால்லா இருக்கு."

அங்கேதான் அவள் சறுக்கினாள். வேண்டுதல் என்று வந்துவிட்டால் கேட்டதற்கு மேல் ஒரு படி கூட்டிச் சொன்னால்தான் நமக்கு மனசு ஆறும். தூக்கம் பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது, சாமி ஏற்றுக்கொள்ளாமல் போய்விடுமோ என்று பயம் வேறு. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "ஊர் எல்லாம் தின்னு முடிச்ச பெறவுதான் நான் கை நனைப்பேன் சாமி. கடைசி ஆளா நிக்கேன்."

"சுடலை கேட்டுக்கிட்டான்," என்று அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தபோது திருநீறு கண்ணிலும் விழுந்திருந்தது. கண்ணைக் கசக்கினாள். மூடிய கண் திறக்கவில்லை. அங்கேயே கோயில் மரத்தடியில் தூங்கிப் போனாள்.

எழுந்தபோது அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. பிள்ளையில்லாத ஒரு பெண்பிள்ளை தெருவோடு நடந்து வீட்டுக்குப் போனாள். சுவர்களில் மண்ணெண்ணெய் காய்ந்து வாடை போனதும் கிடா மிச்சப் போஸ்டரையெல்லாம் சாவகாசமாகத் தின்று தீர்த்தது. பீரோவில் இருந்த சுடிதார்களை, யாரோ சொந்தக்காரப் பிள்ளை விட்டுப் போனது போலிருக்கிறது என்று மடித்துப் பரணில் போட்டாள்.

ஆனால் கை மட்டும் கேட்கவில்லை. காலையில் காப்பி குடித்து முடித்ததும் கை எதையாவது தேடும். தேங்காய் நார் கிடைத்தால் மூன்றாகப் பிரித்துப் பின்னும். வெங்காயத் தாளைப் பின்னும். கட்டியிருந்த பசுவின் வாலைப் பின்னி, அது உதைத்து, பேச்சிக்கனி எண்ணெய் தடவிவிட்டாள். "உங்களுக்கு என்ன மைனி, கை சும்மாவே இருக்காதா?" என்று அவள் கேட்டபோது ஆவுடைத்தாய் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கே பயமாக இருந்தது. பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பாள், அடுப்பு அணைந்துதான் இருக்கும், கதவு பூட்டித்தான் இருக்கும். இருந்தும் எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வந்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும்.

போன் வேறு வந்துகொண்டிருந்தது. ஒரு பெண் குரல், "எம்மா" என்று கூப்பிடும், அப்புறம் அழும்.

"யாரும்மா நீ? நம்பர் தப்பாப் போடுதே."

"எம்மா, கோவத்துல பேசாதீங்க. நான் கோமு. உங்க மக."

"எனக்குப் பிள்ளையே கிடையாதேம்மா," என்று இவள் சொல்வாள், சொல்லிவிட்டு உடனே வைக்க மாட்டாள். வெள்ளத்துரை போனைப் பிடுங்கி, பேங்க் நம்பரைக் கேட்டு ஏமாற்றுகிற கூட்டமாக இருக்கும் என்று அணைத்துவிடுவார். அவள் மனசு ஆறாது. கிடா இருக்கிற ஊரில் எனக்குப் பிள்ளை இல்லை என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? இருந்து, தின்றுவிட்டிருந்தால்? இல்லாத பிள்ளைக்காக இப்படித் துடிக்கிறோமா, இருந்த பிள்ளைக்காகவா என்பது கூடத் தெரியாமல் அவள் கிடந்து அல்லாடினாள். கேட்டால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

சித்திரை பிறந்தது. கொடைக்குப் பந்தல் கால் நட்டதும் ஊருக்கு உதறல் எடுத்தது. கிடாவை வெட்டித் தின்றால் கொடுத்த துக்கமெல்லாம் திரும்பி வந்து இலையில் விழும் என்று பேச்சிக்கனியின் கத்தரிக்காய் சொல்லிவிட்டது அல்லவா! வேறு கிடாவை வெட்டலாம் என்றார் குருவையா. மாடக்கண்ணு ஒரே பிடியாக நின்றார். "ஆவுடைத்தாய் நேர்ந்திருக்கா. என்னத்துக்குன்னு அவளுக்கே தெரியாது, எனக்கும் தெரியாது. வேண்டுதல்னா வேண்டுதல்தான். கிடா சிலிர்க்கலேன்னா விட்டுருவோம், சாமிக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தம்." அதற்கு ஊர் ஒத்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க, சிலிர்த்துவிடாதே அய்யா என்று கிடாவையே கும்பிட்டார்கள்.

உச்சிக்கொடை அன்றைக்கு நடுப்பகலில் வில்லுப்பாட்டு நிற்கவும் மேளம் ஏறியது. கூட்டத்தின் ஓரத்தில், மேடிட்ட வயிற்றோடு ஒரு பெண்ணும் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒரு பையனும் வந்து நின்றார்கள். தலையைப் பின்னாமல் ஒரு கொண்டையாகச் சுற்றியிருந்தாள். மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்த ஆவுடைத்தாய் அவளைக் கண்டு நின்றாள்.

"எந்த ஊரும்மா நீ? மாசமா இருக்கியே, வெயில்ல நிக்கலாமா? அங்க நிழல்ல போய் உட்காரு தாயி."

அந்தப் பெண் நிழலுக்குப் போகவில்லை. இந்த ஊர் ஆத்திரத்தில்தான் தன்னைத் தெரியாதது போல் நடிக்கிறது என்று நினைத்து வந்தவள் அவள். அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் நடிப்பு இல்லை என்று தெரிந்துவிட்டது. சேர்மராஜின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவுடைத்தாய் முதல் செம்பை ஊற்றினாள். கிடா கல்லாக நின்றது. ஊர் மூச்சுவிட்டது. இரண்டாவது செம்பு. காது கூட ஆடவில்லை. மூன்றுக்கு மேல் ஊற்றுகிற வழக்கம் இல்லை. மூன்றாவதையும் ஊற்றினாள், தண்ணீர் அதன் தாடி வழியாகச் சொட்டி ஒழுகியது, கிடா அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளத்துரை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எல்லாம் முடிந்தது என்று மாடக்கண்ணு அரிவாளைக் கீழே வைக்கக் குனிந்தார். அப்போது, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், ஆவுடைத்தாயின் கை போய்க் கிடாவின் ஈரத் தாடியைப் பிடித்தது. மூன்றாகப் பிரித்தது. பின்ன ஆரம்பித்தது. இறுக்கி ஒரு பின்னல் போட்டதுதான் தாமதம், கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து உதறியது பாருங்கள், மஞ்சள் தண்ணீர் கூட்டத்தின் மேலெல்லாம் தெறித்தது.

அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? வெட்டினார்கள், சமைத்தார்கள், இலை போட்டார்கள். ஒருத்தரும் கையை வைக்காமல் கறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமி கறியை வேண்டாம் என்று எழுந்திருக்கவும் முடியாது. கடைசியில் பேச்சிக்கனி, ஏற்கெனவே ஒரு தடவை பட்டவள் என்ற தைரியத்தில், கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றவள் கூட்டத்தின் ஓரம் பார்த்து, "ஏட்டி கோமு!" என்று அலறினாள்.

வெள்ளத்துரை அத்தனை போஸ்டர் ஒட்டியிருந்தார் அல்லவா, கிடாவின் உடம்பு முழுக்க கோமுதான் இருந்தாள். மற்றவர் துக்கங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆள் மாறி ஆள் வந்து சேர்ந்தன. அதை மாடக்கண்ணு ஏங்கி ஏங்கி அழுததில் கண்டார்கள். கிணற்றில் போன பிள்ளை அவருக்கு வந்திருந்தது. ஆனால் கோமு எல்லா இலையிலும் இருந்தாள். அவள் தவழ்ந்தது ஒருத்தருக்கு, அம்மை போட்டுக் கிடந்தது ஒருத்தருக்கு, மழலை பேசியது ஒருத்தருக்கு. நாலு விதமாகப் பேச இருந்த அந்த நாலு பேருக்கும் அவள் சொந்த மகளாகவே ஞாபகம் வந்தாள். பெற்ற பிள்ளையை யார் புறம் பேசுவார்கள்? எச்சில் கையோடு எழுந்து ஓடி அவளைச் சூழ்ந்துகொண்டு, "எப்படி இளைச்சுட்டா என் பிள்ளை" என்று ஆளாளுக்கு நாடியைப் பிடித்துக் கொஞ்சினார்கள். சேர்மராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. திடீரென்று ஒரு ஊர் நிறைய மாமனார்கள்.

வெள்ளத்துரை எழவில்லை. வாயில் வைத்தவர் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு இலையின் மேல் சாய்ந்தார். அவருக்கு வந்தது அவருடைய ஞாபகம் அல்ல, ஆவுடைத்தாயுடையது. கோமுவைப் பெற்ற வலி. பல்லைக் கடித்தார், வேர்த்துக் கொட்டினார், தரையைப் பிறாண்டினார். வலி விட்டபோது மெள்ள எழுந்து, தள்ளாடிப் போய் மகளின் முன்னால் நின்று, "இவ்வளவு வலிக்குமாட்டி?" என்று கேட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

ஆவுடைத்தாய் பந்தியைப் பார்த்தபடி கடைசி ஆளாக நின்றுகொண்டிருந்தாள். ஊர் தின்று முடித்த பிறகு அகப்பையோடு அண்டாவுக்குள் குனிந்தாள். ஒரு துண்டு இல்லை, எலும்பு இல்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த குழம்பை விரலால் வழித்து நக்கினாள். எப்போதோ செத்துப்போன குருவையாவின் நாய் ஒன்று, அவர் மறக்க ஆசைப்பட்ட நாய், வாலை ஆட்டிக்கொண்டு அவள் நினைவில் வந்து நின்றது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் வரவில்லை.

மகளை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இதுதான் கோமு, இதுதான் உன் மகள் என்று ஊரே சொன்னது. ஆவுடைத்தாய் அந்த முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். வெயிலில் நின்ற பிள்ளை. வேறு யாரோ பெற்ற பிள்ளை.

"எல்லாரும் சொல்லுதாவ தாயி. நானும் நம்புதேன். ஆனா எனக்கு ஒண்ணும் வரலியே," என்றாள். "எனக்கு மட்டும் வரலியே. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

கோமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள், அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள், கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

தலைமுடி ஆவுடைத்தாயின் கால் மேல் விழுந்தது. அவள் குனிந்து பார்த்தாள். கை தானாகப் போயிற்று. சிக்கை விரலாலேயே எடுத்தது, வகிடு பார்த்தது, மூன்றாகப் பிரித்தது. இடது பக்கம் கொஞ்சம் சுருள் முடி அதிகம் என்று அதற்குத் தெரிந்திருந்தது, காதோரம் ஒரு சின்ன மரு இருக்கும், சீப்பு படக் கூடாது என்று தெரிந்திருந்தது. அவள் நுனி வரைக்கும் பின்னி, முடிய ரிப்பன் இல்லாமல் தன் முந்தானையின் கரையில் கொஞ்சம் கிழித்துக் கட்டினாள். கட்டிவிட்டு, பயந்து பயந்து கேட்டாள்.

"இறுக்கமா இருக்காம்மா?"

"எப்பவும் இப்படித்தாம்மா இறுக்குவீங்க," என்றாள் கோமு, திரும்பாமலேயே. "உயிர் போகுது."

ஆவுடைத்தாய் முடிச்சை அவிழ்த்தாள். பின்னலை முழுக்கக் கலைத்துவிட்டு, முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.